சிறுநீரக ஃபிஸ்டுலா எதனால் வருகிறது, தானாக மூடுமா?

பெரும்பாலும் உள்ளே ஒரு அடைப்பு இருக்கும். சிறுநீரகத்திலிருந்து தோலுக்கோ, பெருங்குடலுக்கோ, நெஞ்சறைக்கோ உருவாகும் தவறான பாதைதான் ஃபிஸ்டுலா. நாள்பட்ட கல், அதனால் சீழ்பிடித்த சிறுநீரகம், காசநோய் ஆகியவை பழைய காரணங்கள். முதுகுவழித் துளையிட்டுக் கல் எடுப்பது, சிறுநீரகத்தின் ஒரு பகுதியை வெட்டி எடுப்பது, காயம், புற்றுநோய் ஆகியவற்றாலும் வரலாம்.

விலாப்புறத் துளையில் கசிவது சிறுநீர்தானா? அந்த நீரின் கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியேற்றும் கழிவுப்பொருள்) அளவு இரத்தத்தில் உள்ளதைவிடப் பல மடங்கு இருந்தால் சந்தேகமே இல்லை. பாதை எங்கே போகிறது என்பதைச் சாயம் செலுத்தி எடுக்கும் சிடி ஸ்கேன் காட்டும்.

சிறுநீர் கீழே இறங்க வழியில்லாதவரை துளை மூடாது. தையல் போட்டாலும் மறுபடி கசியும். எனவே முதலில் சிறுநீர்க்குழாயில் டிஜே ஸ்டென்ட் (சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைவரை உள்ளே வைக்கும் மெல்லிய குழாய்), தேவைப்பட்டால் சீழ் வடிகுழாய், கல்ச்சர் (கிருமி வளர்ப்புச் சோதனை) முடிவுப்படி ஆன்டிபயாடிக். ஸ்டென்ட் வைத்தும் கசிந்தால் சிறுநீர்ப்பையில் கதீட்டரும் வேண்டும். பை நிரம்பும்போது சிறுநீர் ஸ்டென்ட் வழியே மேலேறும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அறுவைக்குப்பின் வந்த கசிவு பெரும்பாலும் இப்படியே சில வாரங்களில் அடங்கும்.

காசநோய் என்றால் குறைந்தது 6 மாத மருந்து. சிறுநீரகம் செயலிழந்திருந்தால் பாதையோடு சேர்த்து அகற்றுவதே சரி.

சிறுநீரகத்துக்குள் தமனியும் சிரையும் நேரடியாக இணைந்துவிடும் தமனி–சிரை ஃபிஸ்டுலா வேறு கதை. பயாப்சிக்குப்பின் (சோதனைக்காகத் திசு எடுத்தபின்) வருபவை பெரும்பாலும் தானே மூடும். இரத்தம் நிற்காமல் போனால் குழாய்வழி எம்போலைசேஷன் (அந்த இரத்தக்குழாயை உள்ளிருந்தே அடைப்பது). காய்ச்சலோடு குளிர்நடுக்கம், சிறுநீரில் இரத்தக்கட்டி, காற்றுக்குமிழி தெரிந்தால் அன்றே மருத்துவமனை.