விழுந்த குழந்தை பாட்டியிடம் ஓடினால் தாய் அஞ்ச வேண்டுமா?

கேள்வி: எங்கள் மகளுக்குப் பதினாறு மாதம் ஆகிறது. நானும் கணவரும் வேலைக்குச் செல்கிறோம். பகல் முழுவதும் மாமியார்தான் அவளைப் பார்த்துக்கொள்கிறார். மாலையில் நான் வீடு திரும்பினால், அவள் தூங்குவதற்கு இரண்டு மணி நேரம்தான் மிச்சம் இருக்கும். கீழே விழுந்தால், நான் பக்கத்திலேயே இருந்தாலும் பாட்டியைத் தேடித்தான் ஓடுகிறாள். முதல் மூன்று ஆண்டுகளிலேயே மூளை வளர்ச்சி முடிந்துவிடும் என்று படித்ததிலிருந்து எனக்கு நிம்மதி இல்லை. நான் வேலையை விட்டுவிட வேண்டுமா?

பதில்: உங்களை அதிகம் வருத்துவது பாட்டியிடம் ஓடும் அந்தக் காட்சிதான் என்று நினைக்கிறேன், அதிலிருந்தே தொடங்குகிறேன். வலிக்கும்போது யாரிடம் போனால் ஆறுதல் கிடைக்கும் என்று பதினாறு மாதத்தில் ஒரு குழந்தைக்குத் தெரிந்திருப்பது நல்ல வளர்ச்சியின் அடையாளம். விழுந்தாலும் பயந்தாலும் எவரையுமே தேடாத குழந்தையைப் பார்த்தால்தான் எங்களைப் போன்றவர்கள் கவலைப்படுவோம். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் 60 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து, ருடால்ப் ஷாஃபரும் பெக்கி எமர்சனும் 1964-ல் வெளியிட்ட ஆய்வில், ஒன்றரை வயதுக்குள் பெரும்பாலான குழந்தைகள் ஒருவருக்கு மேற்பட்டவர்களிடம் ஒட்டுதல் கொண்டிருந்தனர். அதிக நேரம் உடனிருப்பவர் என்பதைவிட, அழைத்தால் முகம் கொடுப்பவர் என்பதே அந்த ஒட்டுதலைத் தீர்மானித்தது. பாட்டியிடம் உள்ள பிணைப்பு உங்களுக்குரிய பங்கிலிருந்து கழிக்கப்படுவதில்லை. இரண்டும் தனித்தனியே வளரக்கூடியவை.

வேலைக்குப் போகும் தாய்மார்களைப் பற்றிய உங்கள் அச்சத்தை நேரடியாக ஆராய்ந்தவர்களும் உண்டு. அமெரிக்க அரசின் குழந்தை நல ஆய்வு நிறுவனம் 1991-ல் தொடங்கிய நீண்ட ஆய்வில் 1,300-க்கும் மேற்பட்ட குழந்தைகள் பிறந்தது முதல் கவனிக்கப்பட்டனர். பதினைந்து மாத வயதில் பார்த்தபோது, பகலில் பிறர் பராமரிப்பில் இருப்பதாலேயே தாயுடனான பிணைப்பு கெட்டுவிடவில்லை; தாய் குழந்தையின் குறிப்பை உணர்ந்து நடந்துகொள்ளும் விதம்தான் முதன்மையாக இருந்தது. தாயிடம் அந்த உணர்திறன் குறைவாக இருந்து, அதனுடன் தரமற்ற பராமரிப்போ, நீண்ட நேரப் பிரிவோ, அடிக்கடி ஆள் மாறுவதோ சேர்ந்துகொண்டபோதுதான் பாதிப்பு தெரிந்தது. பகலில் நீண்ட நேரம் பிரிந்திருந்தாலும், குழந்தையின் குறிப்பை உணர்ந்து நடக்கும் தாயும் அன்றாடம் பார்த்துக்கொள்ளும் ஒரே பாட்டியும் உள்ள வீட்டின் நிலை அதுவல்ல.

மூன்று ஆண்டுகளில் எல்லாம் முடிந்துவிடும் என்பது பாதி உண்மையை முழு உண்மையாகச் சொல்வதாகும். முதல் சில ஆண்டுகளில் மூளையில் ஒரு நொடிக்குப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட நரம்பிணைப்புகள் உருவாகின்றன. அவற்றில் அடிக்கடி பயன்படுபவை உறுதிப்படுகின்றன, பயன்படாதவை மெல்ல நீக்கப்படுகின்றன. எவை பயன்படும் என்பதைக் குழந்தையின் அன்றாட அனுபவமே முடிவு செய்கிறது என்பதால் தொடக்க ஆண்டுகளுக்குத் தனி மதிப்பு உண்டு. ஆனால் திட்டமிடுதல், பொறுத்திருத்தல் போன்றவற்றுக்கான மூளையின் முன்பகுதிகள் இருபது வயதைத் தாண்டியும் முதிர்ந்துகொண்டே இருக்கின்றன.

தொடக்க அனுபவம் எவ்வளவு ஆழமாகப் பதியும் என்பதற்கு அதிகம் காட்டப்படும் சான்று ருமேனியாவின் புக்கரெஸ்ட் நகரில் 2000-ஆம் ஆண்டு தொடங்கிய ஆய்வு. பெற்றோரைப் பிரிந்து அரசு விடுதிகளில் வளர்ந்துவந்த 136 குழந்தைகளில் ஒரு பாதியினர், குலுக்கல் முறையில், வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பப்பட்டனர். குடும்பத்துக்குச் சென்றவர்கள் அறிவுத்திறனிலும் பிணைப்பிலும் முன்னேறினர். ஏறத்தாழ இரண்டு வயதுக்குள் சென்றவர்களே அதிகம் மீண்டனர். அந்த விடுதிகளில் உணவும் உடையும் கிடைத்தன. அழுதால் வந்து பார்ப்பதற்கென்று ஒருவர் இல்லை. இத்தகைய கடும் புறக்கணிப்பைப் பற்றிய முடிவுகளை எடுத்து, மாலையில் ஓடோடி வீடு திரும்பும் தாய்மார்களை அச்சுறுத்துவது எனக்குச் சற்றும் ஏற்புடையதன்று.

அப்படியானால் குழந்தைக்கு உண்மையில் தேவைப்படுவது எது? அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் ட்ரோனிக் 1970-களில் செய்த சோதனை இதைக் கண்கூடாகக் காட்டுகிறது. சில மாதக் குழந்தையுடன் தாய் சிரித்துப் பேசி விளையாடுகிறார். பிறகு சொல்லிவைத்தபடி, சில நிமிடங்களுக்கு முகத்தில் எந்த உணர்ச்சியும் காட்டாமல் குழந்தையைப் பார்த்தபடி இருக்கிறார். குழந்தை முதலில் சிரித்துப் பார்க்கிறது, கைகளை நீட்டுகிறது, குரல் கொடுக்கிறது. எதற்கும் மறுமொழி இல்லை என்றானதும் பார்வையைத் திருப்பிக்கொண்டு, உடல் தளர்ந்து, பல குழந்தைகள் அழத் தொடங்குகின்றன. தாய் அங்கிருந்து நகரவே இல்லை; குழந்தை இழந்தது அவருடைய மறுமொழியை மட்டும்தான். ஒரே அறையில் கைபேசியில் மூழ்கிக் கிடக்கும் பெரியவருக்கும் இந்தச் சோதனை பொருந்தும் என்று நான் கருதுகிறேன்.

இதே ட்ரோனிக்கின் ஆய்வுகளில் உங்களுக்கு ஆறுதல் தரும் செய்தி ஒன்றும் இருக்கிறது. நல்ல பிணைப்புள்ள தாயும் சேயுமே நேருக்கு நேர் விளையாடும்போது ஏறத்தாழ 30 விழுக்காடு நேரம்தான் ஒத்திசைந்து இருக்கிறார்கள். மற்ற நேரமெல்லாம் ஒருவர் குறிப்பை மற்றவர் தவறவிடுவதும், உடனே சரிசெய்துகொள்வதுமாகவே கழிகிறது. தவறிப் போனது மீண்டும் கூடிவரும் என்பதை இப்படித்தான் குழந்தை கற்றுக்கொள்கிறது. களைப்பில் ஒரு நாள் எரிந்து விழுந்தீர்கள் என்றால், சற்று நேரம் கழித்து அவளை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு தணிவாகப் பேசுங்கள். அதைக் குற்ற உணர்வாகச் சுமந்துகொண்டிருக்க வேண்டாம்.

ஆகவே அந்த இரண்டு மணி நேரத்தில் சிறப்புப் பயிற்சி எதுவும் வேண்டாம். அவளுக்கும் உங்களுக்கும் இடையே கொடுக்கல் வாங்கல் நடந்தால் போதும். வந்தவுடன் முதல் இருபது நிமிடம் கைபேசியைக் கண்ணில் படாமல் வைத்துவிட்டு, அவள் கண்மட்டத்துக்குத் தரையில் உட்காருங்கள். அவள் ஒரு கரண்டியை எடுத்து உங்களிடம் நீட்டுகிறாள் என்றால், வாங்கிக்கொண்டு, “கரண்டியா? எனக்கா?” என்று கேட்டுவிட்டுச் சற்றுக் காத்திருங்கள். அவளுடைய மறுமொழி ஒரு மழலைச் சொல்லாகவோ, கரண்டியைத் திரும்பக் கேட்டு நீளும் கையாகவோ இருக்கலாம். அதற்கு நீங்கள் மீண்டும் பதில் சொல்லுங்கள். பெரும்பாலான பெற்றோர் பேசத் தயங்குவதில்லை, காத்திருக்கத்தான் மறந்துவிடுகிறார்கள். இந்த வயதில் பதில் வந்துசேரச் சில நொடிகள் ஆகும். குளிப்பாட்டுதல், உடை மாற்றுதல், உறங்க வைத்தல் ஆகியவற்றில் ஏதாவது ஒன்றை நாள்தோறும் உங்களுடையதாக வைத்துக்கொள்ளுங்கள், மற்றொன்றைக் கணவர் ஏற்கட்டும்.

திரை இந்த இடத்தை நிரப்பாது. பட்ரீசியா குல் என்ற ஆய்வாளர் 2003-ல் வெளியிட்ட ஆய்வில், சீனமொழி பேசும் ஒருவர் நேரில் வந்து விளையாடிப் படித்துக்காட்டிய ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகள் அம்மொழியின் ஒலி வேறுபாடுகளைப் பிடித்துக்கொண்டனர். அதே ஆட்களை, அதே பாடத்தைக் காணொளியில் பார்த்த குழந்தைகள் எதையும் கற்கவில்லை. இரண்டு வயதுக்குள் திரைமுன் உட்காரவைக்க வேண்டாம் என்றே உலக சுகாதார அமைப்பும் 2019-ல் பரிந்துரைத்தது.

உங்கள் மாமியாரைப் பற்றியும் ஒரு சொல். நடைபழகும் குழந்தையின் பின்னால் நாள் முழுவதும் ஓடுவது கடினமான உழைப்பு; அவர் களைத்துப்போனால் குழந்தைக்குக் கிடைக்கும் மறுமொழியும் குறையும். வாரத்தில் ஒரு நாளாவது அவருக்கு முழு ஓய்வு கிடைக்கும்படி செய்யுங்கள். தினமும் மாலையில், “இன்றைக்கு என்ன செய்தாள், அத்தை?” என்று கேட்டு ஐந்து நிமிடம் காது கொடுங்கள், குழந்தையின் நாளை அறிய அதைவிட நல்ல வழி இல்லை, அவருக்கும் மனம் நிறையும். காலையில் அவள் பார்க்காதபோது நழுவிச் செல்லாமல், சொல்லிவிட்டு, கையசைத்துவிட்டுப் போங்கள். அழுவாள், ஆனால் போகிறவர் சொல்லிக்கொண்டு போவார், திரும்பியும் வருவார் என்று அறிந்த குழந்தை நாளடைவில் அமைதியாகிவிடும்.

வேலையைத் தொடர்வதா, விடுவதா என்பதை உங்கள் விருப்பம், உடல்நிலை, குடும்ப வருமானம் ஆகியவற்றைக் கொண்டு முடிவு செய்யுங்கள். மகளின் மூளை வளர்ச்சி பாழாகிவிடும் என்ற அச்சத்தில் விட வேண்டியதில்லை. ஆனால் பல வாரங்களாக உங்களுக்கு எதிலும் ஈடுபாடின்றி, மனச்சோர்வு நீங்காமல் இருந்தால், அதற்குச் சிகிச்சை பெறுவது அவளுக்கும் செய்யும் உதவியாகும். மகளைப் பொறுத்தவரை, பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாமல் இருப்பது, எதையும் விரல் நீட்டிக் காட்டாமல் இருப்பது, பொருளுள்ள ஒரு சொல்லும் இன்னும் வராமல் இருப்பது ஆகியவற்றில் ஏதேனும் காணப்பட்டால் குழந்தை மருத்துவரைப் பார்த்து, முதலில் செவித்திறனைச் சோதித்துக்கொள்ளுங்கள். பேசிக்கொண்டிருந்த சொற்களோ, கையசைப்பு போன்ற பழக்கங்களோ மறைந்துபோனால், வளர வளரச் சரியாகிவிடும் என்று எவர் சொன்னாலும் காத்திருக்காமல் உடனே செல்லுங்கள்.