ஓரத்தில் நின்றவர்களை ஏன் வெட்டினீர்கள்?

கேள்வி: எனக்கு வயது 44. பழைய ராக்கெட் ஏவுதல் படங்கள் என்றால் சிறுவயதிலிருந்தே உயிர். அமெரிக்காவின் அப்பல்லோ, ரஷ்யாவின் சோயுஸ், கேரளத்துத் தும்பா ஏவுதளம் என்று நாலாயிரம் படங்களுக்கு மேல் சேர்த்து, வருடவாரியாக வைத்திருக்கிறேன். ராத்திரி சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தால் மணி ஒன்றாகிவிடும். மனைவிக்கு இதில் துளிகூட ஈடுபாடு இல்லை. "செத்த படங்களோடு குடித்தனம்" என்கிறாள். அப்பாவும் எங்களோடுதான் இருக்கிறார். வயது 79, காது மந்தம். அவரிடம் கத்திப் பேசியே அவளுக்குத் தொண்டை கட்டிவிடுகிறது. எழுபதுகளில் ஸ்ரீஹரிகோட்டாவில் டிரெய்லர் லாரி ஓட்டியவர் அவர். அவருடைய டிரங்குப் பெட்டியில் கிடைத்த எஸ்.எல்.வி-3 ராக்கெட் படம்தான் என் பொக்கிஷம். ஓரத்தில் அவரும் இன்னும் இரண்டு பேரும் நின்றதால் ராக்கெட் எடுபடவில்லை. அவர்களை வெட்டிவிட்டு, பெரிதாக்கி ஹாலில் மாட்டியிருக்கிறேன். என் ரசனையை மனைவிக்கு எப்படிப் புரியவைப்பது?

– ஒரு வாசகர், காட்பாடி

பதில்: மனைவியை அப்புறம் பார்ப்போம். பெற்ற அப்பாவைப் படத்திலிருந்து வெட்டிவிட்டு, மிச்சத்துக்குச் சட்டம் போட்டு, அவர் தினமும் வந்து உட்கார்கிற ஹாலிலேயே மாட்டியிருக்கிறீர்கள். அதைப் போகிறபோக்கில் ஒரு வரியாக எழுதிவிட்டு, ரசனையைப் பற்றிக் கேட்கிறீர்கள். தம்பி, காது மந்தம் என்றுதானே எழுதியிருக்கிறீர்கள், கண் தெரியாது என்று எழுதவில்லையே. அந்தச் சுவரை அவர் எத்தனை தடவை பார்த்திருப்பார்!

கடிதத்தோடு மூன்று பக்கம் ராக்கெட் விவரம் அனுப்பியிருந்தீர்கள். முழுக்கப் படித்தேன். அப்பல்லோ 11 கிளம்பியது 1969 ஜூலை 16, புளோரிடா நேரப்படி காலை 9.32. அதைச் சுமந்துபோன சாட்டர்ன் 5 ராக்கெட்டின் உயரம் ஏறக்குறைய 110 மீட்டர். எல்லாம் சரிதான். ஆனால் அப்பா வேலைக்குச் சேர்ந்த வருஷம் மட்டும் "எழுபதுகளில்". எங்கோ கிளம்பிய ராக்கெட்டுக்கு நிமிடக் கணக்கு, வீட்டில் இருக்கிற மனிதருக்குப் பத்து வருஷக் கணக்கா?

நீங்கள் சேர்த்த படங்களையே எடுத்துக்கொள்ளுங்கள். 1950 ஜூலை 24, புளோரிடாவின் கேப் கனாவெரலிலிருந்து முதன்முதலாகக் கிளம்பிய பம்பர் ராக்கெட். அந்தப் படத்தை ஏன் இன்றைக்கும் பார்த்துக்கொண்டே இருக்கிறோம்? முன்னால் கேமராவும் கையுமாக ஆட்கள் நிற்கிறார்கள், அதனால்தான். அவர்களை எடுத்துவிட்டால் மிஞ்சுவது புகைதான். தும்பாவில் 1966-இல் பிரெஞ்சுப் புகைப்படக்காரர் ஹென்றி கார்த்தியே பிரெசோன் எடுத்த படத்தில், ராக்கெட்டின் கூம்பு முனையைச் சைக்கிள் கேரியரில் வைத்து இரண்டு பேர் தள்ளிக்கொண்டு போகிறார்கள். 1981-இல் ஆப்பிள் செயற்கைக்கோள் மாட்டுவண்டியில் நின்றது. ஆன்டெனா சோதனைக்கு உலோகம் குறுக்கே வரக்கூடாது, மரவண்டி தேவைப்பட்டது. அந்தப் படங்களில் சைக்கிளையும் மாட்டையும் வெட்டுவீர்களா? மாட்டீர்கள். உங்கள் அப்பாவை வெட்டினீர்கள். எனக்கு இதை எழுதும்போதே ஆற்றாமையாக இருக்கிறது.

உங்கள் வழிக்கே வந்து ஒன்று கேட்கிறேன். ஹாலில் இருப்பது எந்த எஸ்.எல்.வி-3? 1979 ஆகஸ்ட் 10 அன்று கிளம்பியதா, 1980 ஜூலை 18 அன்று கிளம்பியதா? முதலாவது, இரண்டாம் அடுக்கின் கட்டுப்பாட்டு அமைப்பில் அமிலம் கசிந்து, ஐந்து நிமிடத்துக்குச் சற்று மேல் பறந்து வங்காள விரிகுடாவில் விழுந்தது. அடுத்தது, 35 கிலோ ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் சேர்த்தது. நடுவில் பதினோரு மாதம். அப்துல் கலாம் அந்தத் திட்டத்தின் இயக்குநர், அவர் பட்ட பாடு எல்லோருக்கும் தெரியும். டிரெய்லர் ஓட்டியவர்கள் அந்தப் பதினோரு மாதத்தை எப்படிக் கழித்தார்கள்? கடலில் விழுந்த செய்தி வந்த ராத்திரி வீட்டில் யாருக்காவது சோறு இறங்கியதா? உங்கள் நாலாயிரம் படத்திலும் இதற்குப் பதில் கிடையாது. பதில் தெரிந்தவர் அடுத்த அறையில் படுத்திருக்கிறார். நீங்கள் ஒரு மணி வரை புளோரிடாவில் இருக்கிறீர்கள்.

இப்போது மனைவிக்கு வருகிறேன். உங்கள் அப்பாவோடு தொண்டை கட்டப் பேசுவது அந்தப் பெண்தான். அவர் சொன்ன கதையெல்லாம் அவளிடம் சேர்ந்திருக்கும். வெட்டுப்பட்ட மற்ற இரண்டு பேரின் பெயர்கூட அவளுக்குத் தெரிந்திருக்கலாம். மகன் செய்யவேண்டியதை மருமகள் செய்கிறாள். அவளிடம் போய் என் ரசனையைப் புரிந்துகொள் என்று கேட்க உங்களுக்கு என்ன உரிமை இருக்கிறது? பெற்றவர்களுக்குக் கஞ்சி ஊற்றிவிட்டால் கடமை முடிந்தது என்று நினைக்கிறவர்களோடு எனக்கு ஒருநாளும் ஒத்துப்போகாது. வயதானவர் பேச்சைக் கேட்பதும் கடமைதான். அதைச் சம்பளத்துக்கு ஆள் வைத்துச் செய்ய முடியாது, மனைவி தலையில் கட்டவும் கூடாது.

மூலப்படம் பத்திரமாக இருக்கிறது என்று நம்புகிறேன். கத்தரிக்கோல் போட்டிருந்தால், வெட்டிய துண்டைத் தேடி எடுங்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் கம்ப்யூட்டரைத் திறக்காமல், படத்தோடு அப்பா பக்கத்தில் போய் உட்காருங்கள். மனைவியையும் கூப்பிடுங்கள். யார் யார், எந்த வருஷம், டிரெய்லரில் என்ன ஏற்றிப் போனார்கள் என்று கேட்டு, படத்தின் பின்னால் பென்சிலால் எழுதுங்கள். பேனா மை ஊறிவிடும். அப்புறம் முழுப்படத்தையும் பெரிதாக்கி அதே ஆணியில் மாட்டுங்கள். கேள்வி அவர் காதில் விழவில்லையென்றால், ஒரு தாளில் கொட்டை எழுத்தில் எழுதிக் காட்டுங்கள்.