பழைய அம்பாசடரில் பெயின்ட் அடித்தும் துரு ஏன் திரும்ப வருகிறது?

துரு என்பது இரும்பு, காற்றிலுள்ள ஆக்சிஜனோடும் ஈரத்தோடும் சேர்ந்து மாறிய பொருள். அது இரும்பைவிட அதிக இடம் பிடிக்கும், பொலபொலவென்று இருப்பதால் ஈரத்தையும் தேக்கி வைக்கும். அதன்மேல் பட்டி பார்த்து பெயின்ட் அடித்தால் உள்ளே அரிப்பு தொடரும், சில மாதத்தில் பெயின்ட் கொப்பளிக்கும். சொத்தையைச் சுரண்டாமல் பல்லை அடைத்த மாதிரிதான்.

கதவின் அடிவிளிம்பை ஸ்க்ரூடிரைவர் முனையால் அழுத்திப் பாருங்கள். அங்கே நீர் வடியும் துளைகள் மண்ணால் அடைபட்டிருக்கும். முனை உள்ளே போனால் தயங்காமல் பளபளப்பான தகடு தெரியும்வரை வெட்டி, புதுத் தகடு வெல்டிங் செய்யுங்கள். அப்புறம் அன்றே எபாக்சி பிரைமர், அதாவது ஈரம் தகட்டைத் தொடாமல் தடுக்கும் அடிப்பூச்சு, அடியுங்கள்.

துரு மாற்றும் திரவம் துருவை மறுபடி இரும்பாக்கும் என்று பலர் நம்புகிறார்கள். இல்லை, மேற்பரப்பைக் கறுப்புப் படலமாக மாற்றும், அவ்வளவுதான்.