மூலியன் உங்கள் ஊர்க்காரரா?

கேள்வி: ஏழாம் மாதம் வந்தால் எங்கள் வரிசை முழுக்கச் சீனர்கள் காகிதப் பணம் எரிக்கிறார்கள். "இதைத் தொடங்கியவர் மூலியன் என்ற பிக்கு, உங்கள் ஊர்க்காரர்தான்" என்கிறார் பக்கத்துக் கடைக்காரர். உண்மையா?
– வாசகி, பட்டர்வொர்த்

பதில்: பாதி உண்மை. ஊர் மகதம், இன்றைய பீகாரில் ராஜகிருகத்துப் பக்கம். இயற்பெயர் கோலிதர். பாலி நூல்களில் மொக்கல்லானர். சாரிபுத்தரும் இவரும் புத்தரின் இரு தலைமைச் சீடர்கள். சித்துகளில் இவரை மிஞ்ச ஆளில்லை. மொக்கல்லானர் என்ற அந்தப் பெயர்தான் சீன வாயில் சுருங்கி மூலியன் ஆயிற்று.

ஜார்ஜ்டவுனில் எங்கள் பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டி, சாக்கடை ஓரம் தகர டின்னில் காகிதம் எரித்துக்கொண்டே எனக்குச் சொன்ன கதை இது. செத்துப்போன தாய் பசிப்பேயாக அலைவதை மூலியன் ஞானக்கண்ணால் பார்க்கிறார். கிண்ணத்தில் சோறு கொண்டுபோகிறார். வாய்க்குப் போகுமுன் சோறு தணலாகிவிடுகிறது. சித்து பலிக்கவில்லை. "ஏழாம் மாதப் பௌர்ணமியில் பிக்குகளுக்கு உணவு கொடு" என்கிறார் புத்தர். தாய் விடுபடுகிறாள். ஜப்பானில் ஓபோன், வியட்நாமில் வூ லான் என்ற விழாக்கள் எல்லாம் இந்தக் கதையைச் சொல்லித்தான் நடக்கின்றன. காகிதப் பணமும் கூத்து மேடையும் சீனர்கள் சேர்த்தவை. மூலியன் கணக்கில் எழுதாதீர்கள்.

வேடிக்கை என்னவென்றால், பேய்க் கதைகளைச் சொல்லும் பாலி நூலான 'பேதவத்து'வில் பேயான தாயைக் கரையேற்றுபவர் சாரிபுத்தர், அதுவும் முற்பிறவித் தாயை. மொக்கல்லானருக்கு வேறு கதை. தம்மபத உரை சொல்வது: ஒரு முற்பிறவியில் மனைவி பேச்சைக் கேட்டு, கண் தெரியாத பெற்றோரை வண்டியில் காட்டுக்குக் கூட்டிப்போய், கள்ளன் போலக் குரல் மாற்றி அடித்தார். "மகனே, கள்ளர் வந்துவிட்டார்கள், நீ தப்பி ஓடு" என்று கத்தினார்களாம் அந்தக் கிழவர்கள். அந்த வினைதான் கடைசியில் கள்ளர் உருவில் வந்தது. இரண்டு முறை சித்தால் தப்பினார். மூன்றாம் முறை எலும்பை நொய்யரிசியாக நொறுக்கிவிட்டார்கள்.

அவருடையதாகக் கருதப்படும் எலும்புத் துண்டுகள் 1851இல் மத்தியப் பிரதேசத்துச் சாஞ்சியில் கிடைத்து, லண்டன் போய், சுதந்திரத்துக்குப் பிறகு திரும்பின. 1952இல் மறுபடி சாஞ்சியில் வைத்தார்கள்.

தாயைக் காத்த பிள்ளை என்று பாதி ஆசியா கும்பிடுகிற ஆளுக்கு இப்படியும் ஒரு பழங்கணக்கு. பாட்டியிடம் இதைச் சொல்ல ஒவ்வொரு ஏழாம் மாதமும் வாயெடுக்கிறேன். அவரோ முதலில் ஒரு ஆரஞ்சை உரித்துக் கையில் கொடுத்துவிடுகிறார்.