பிளிமத் கதையில் மாடு கறக்கும் காட்சி

வணக்கம். அமெரிக்காவில் ஆங்கிலேயர்கள் குடியேறிய பிளிமத் குடியிருப்பில், 1621-ல் உங்கள் கதாநாயகி மாடு கறந்து, கோதுமை ரொட்டி சுடுவது பொருந்துமா என்று கேட்டிருந்தீர்கள். பொருந்தாது, மாற்றிவிடுங்கள். அவர்களை ஏற்றிவந்த மேஃபிளவர் கப்பலில் மாடே வரவில்லை; முதல் மாடுகள் வந்தது 1624-ல்தான்.

கோதுமைக்குப் பதில் மக்காச்சோளம். மீனை உரமாகப் புதைத்து மக்காச்சோளம் விதைக்கக் கற்றுக்கொடுத்தவர் டிஸ்குவாண்டம் என்ற அமெரிக்கப் பூர்வகுடி. அந்த மாவு கோதுமை மாதிரி உப்பி வராது. அவள் கஞ்சி கிண்டட்டும், அடை தட்டட்டும். இங்கிலாந்தில் பீர் குடித்தே வளர்ந்தவர்களுக்கு இங்கே ஊற்றுத் தண்ணீர்தான். 1623-ல் வந்திறங்கிய சொந்தக்காரர்களுக்குக்கூட ரொட்டி இல்லாமல் சிங்கி இறாலோ மீன் துண்டோ, ஒரு குவளைத் தண்ணீரோடு வைத்ததாக ஆளுநர் பிராட்ஃபோர்ட் எழுதியிருக்கிறார்.

சாப்பாட்டைவிட முக்கியமான ஒன்று: கப்பலில் வந்த 102 பேரில் ஏறக்குறைய பாதிப்பேர் முதல் குளிர்காலத்திலேயே இறந்துபோனார்கள். உங்கள் கதையில் எல்லாக் குடும்பமும் முழுசாக இருக்கிறது, அது உறுத்துகிறது. அவர்கள் குடியேறிய இடமும் வெறும் காடல்ல. கொள்ளைநோயில் அழிந்த பட்டுக்செட் என்ற ஊர், டிஸ்குவாண்டத்தின் சொந்த ஊர். விதைக்கும் காட்சியில் அவர் முகத்தையும் கொஞ்சம் காட்டுங்கள்.