டாக்சியாக ஓடிய காரில் சைல்டு லாக் இருக்குமா?

கேள்வி: போன மாதம் நாகர்கோவிலில் ஒரு டீலரிடம் 2020 மாடல் செகண்ட் ஹேண்ட் கார் வாங்கினோம். குழித்துறை பக்கம் நெரிசலில் வண்டி ஊர்ந்துகொண்டிருந்தபோது, நாலு வயது மகன் இடது பின்கதவைத் திறந்துவிட்டான். பக்கத்தில் வந்த பைக்காரர் சட்டென்று பிரேக் போட்டதால் தப்பித்தோம். பின்கதவை உள்ளிருந்து திறக்க முடியாமல் தடுக்கும் சைல்டு லாக்கைத் தேடினால் இரண்டு பின்கதவிலும் இல்லை. டீலரோ, "இந்த மாடலுக்கே கிடையாது அக்கா, சென்ட்ரல் லாக் போட்டால் போதும்" என்கிறார். என் சித்தி வீட்டிலும் இதே கார், இதே வருடம். அதில் இருக்கிறதே?
– ஒரு வாசகி, மார்த்தாண்டம்

பதில்: பையனுக்கும் பைக்காரருக்கும் ஒன்றும் ஆகவில்லை, அதுவே பெரிய நிம்மதி. நீங்கள் எழுதியதைப் பார்த்தால் உங்கள் கார் முன்பு டி போர்டாக, அதாவது டாக்சியாக ஓடியிருக்கும் என்றே எனக்குத் தோன்றுகிறது. வாடகைக் காரில் ஏறும் பெண்களை உள்ளேயே அடைத்து வைக்க இந்த லாக் பயன்பட்டுவிடக் கூடாது என்பதற்காக, 2019 ஜூலை 1 முதல் டாக்சியாகப் பதிவாகும் புதிய கார்களில் சைல்டு லாக் இருக்கக் கூடாது என்று மத்திய அரசு விதி கொண்டுவந்தது. நல்ல விதிதான். ஆனால் அந்த வண்டி பிறகு ஓன் போர்டாக, அதாவது சொந்த உபயோக வண்டியாக மாறும்போது நம்பர் பிளேட்தான் வெள்ளையாகிறது. கதவுக்குள் இருக்கிற பூட்டு பழையதேதான்.

பின்கதவை முழுதாகத் திறந்து, அதன் ஓரத்தில் பூட்டு இருக்கும் இடத்தைப் பாருங்கள். பூட்டுக்குச் சற்று மேலோ கீழோ சின்ன பிளாஸ்டிக் லீவரோ, சாவி முனையால் திருப்புகிற பள்ளமோ இருக்க வேண்டும். பக்கத்தில் குழந்தைப் படமோ பூட்டுப் படமோ பொறித்திருக்கும். சித்தி வீட்டுக் காரில் இது இருந்து உங்கள் காரில் அந்த இடம் மூடியிருந்தால் என் சந்தேகம் பலப்படும். சீட் பக்கத்தில் அவசர பட்டனைக் கழற்றிய திருகு ஓட்டைகள், 80 கி.மீ.க்கு மேல் போகவிடாத வேகக் கட்டுப்பாட்டுக் கருவி, நம்பர் பிளேட் விளிம்பில் ஒட்டியிருக்கும் மஞ்சள் பெயின்ட், இவையும் டாக்சி வாழ்க்கையின் தடயங்கள். ஆனால் தடயத்தை வைத்துச் சண்டை போடாதீர்கள். டிஎன் 74, 75 எதுவானாலும், பதிவு உள்ள ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வண்டியின் பழைய பதிவு விவரத்தைக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

உறுதியானால், டாக்சியாக ஓடியதை மறைத்து விற்றது தவறு என்று டீலருக்கு எழுத்தில் கொடுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினாலும் சரி, தேதியோடு இருக்கட்டும். சைல்டு லாக் உள்ள பூட்டை இரண்டு கதவிலும் அவர் செலவில் மாற்றித் தரக் கேளுங்கள். மசியவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண், அதற்கும் மேல் நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கியதென்றால் அங்கே கட்டணமே கிடையாது. இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். பக்கத்து வீட்டுக்காரரிடம் வாங்கியிருந்தால் இந்த வழி இல்லை. டீலர் என்பதால்தான் சொல்கிறேன்.

ஓன் போர்டு காரில் சைல்டு லாக் வைக்கத் தடை எதுவும் இல்லை. பாகம் வாங்கும்போது, சொந்த உபயோக மாடலில் வருகிற பூட்டுதான் வேண்டும் என்று தெளிவாகச் சொல்லுங்கள்.

சென்ட்ரல் லாக் போதும் என்ற பேச்சை மட்டும் தயவுசெய்து நம்பாதீர்கள். பல கார்களில் உள் கைப்பிடியை ஒருமுறை இழுத்தால் லாக் விடுபடும், மறுமுறை இழுத்தால் கதவு திறந்துவிடும். நாலு வயதுப் பிள்ளைக்கு அதைக் கண்டுபிடிக்க ஒரு பயணம் போதும். பூட்டு மாற்றும் வரை பையனை அவனுக்கான இருக்கையில் பெல்ட் போட்டு உட்கார வைத்து, பக்கத்தில் பெரியவர் ஒருவர் இருங்கள். பெல்ட் எப்படியும் தேவை. 14 வயதுக்குட்பட்ட பிள்ளை பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் வந்தால் ஓட்டுபவருக்கு 1,000 ரூபாய் அபராதம்.

பூட்டு மாற்றியதும் பட்டறையிலேயே சோதியுங்கள். லீவரைப் போட்டு, கண்ணாடியை இறக்கி, கதவை வெளியிலிருந்து சாத்துங்கள். சென்ட்ரல் லாக் போடாமல், ஜன்னல் வழியாகக் கையை விட்டு உள் கைப்பிடியை இரண்டு மூன்று தடவை இழுங்கள். கதவு திறக்கவே கூடாது. வெளிக் கைப்பிடியில் உடனே திறக்க வேண்டும். அடுத்த கதவிலும் இதையே செய்யுங்கள். ஒன்றில் போட்டால் மற்றதில் விழாது.

கேள்வி: குளச்சலில் கடலோரம் வீடு. சைல்டு லாக் லீவர் இறுகிவிட்டது. தேங்காய் எண்ணெய் விடலாமா?

பதில்: வேண்டாம். எண்ணெயில் மணலும் தூசும் ஒட்டி இன்னும் இறுகும். உப்புக்காற்றின் வேலை இது. டபிள்யூடி-40 அடித்து, லீவரை மெதுவாக அசைத்து, கசடைத் துடையுங்கள். பிறகு வெள்ளை லித்தியம் கிரீஸ் கொஞ்சம் வையுங்கள். வண்டி கழுவும்போது கதவைத் திறந்து ஓரங்களையும் நல்ல தண்ணீரால் துடையுங்கள். பெரும்பாலும் அங்கேதான் யாரும் கை வைப்பதில்லை.

கேள்வி: சைல்டு லாக் போட்டிருக்கும்போது விபத்து நடந்தால் பின்னால் இருக்கும் என் மாமியார் எப்படி இறங்குவார்?
– ஒரு வாசகி, தக்கலை

பதில்: நியாயமான பயம். சைல்டு லாக் உள் கைப்பிடியை மட்டும்தான் தடுக்கும். சென்ட்ரல் லாக் விழாமல் இருந்தால் வெளியிலிருந்து யாரும் திறக்கலாம். உள்ளே இருப்பவர் கண்ணாடியை இறக்கி, கையை வெளியே விட்டு வெளிக் கைப்பிடியை இழுத்தும் இறங்கலாம். அத்தையை ஒருநாள் வீட்டு வாசலில் வைத்தே இதைச் செய்து பார்க்கச் சொல்லுங்கள். பிள்ளைகள் வராத நாளில் அவர் உட்காரும் பக்கத்து லீவரை எடுத்துவிடலாம். திரும்பப் பிள்ளையை ஏற்றும் முன் போட மறக்காதீர்கள்.