தோட்டா கெட்டுப்போகுமா? பெட்டி, வெயில், வண்டி டிக்கி பற்றிச் சில கேள்விகள்

புயல், வெள்ளம், காட்டுத்தீ என்று செய்தி வரும்போதுதான் நம்மில் பலருக்கு அலமாரி மூலையில் கிடக்கும் தோட்டாப் பெட்டி ஞாபகத்துக்கு வருகிறது. சுடும் பயிற்சிக் கழகம் ஒன்றில் தோட்டா அறையின் சாவி பல வருடம் என் பொறுப்பில் இருந்தது. அந்த அனுபவத்தை வைத்துப் பதில் சொல்கிறேன். பேச்சு முழுக்க உரிமத்தோடு வாங்கிய, தொழிற்சாலையில் தயாரான தோட்டாவைப் பற்றி மட்டுமே. வெடிமருந்தைத் தனியாக வாங்கித் தாங்களே நிரப்புகிறவர்களுக்கும் பழைய கருமருந்து வைத்திருப்பவர்களுக்கும் விதிகள் வேறு. அதை இதோடு குழப்ப வேண்டாம்.

அண்ணா, பெட்டியில் காலாவதித் தேதியே இல்லையே. தோட்டா எத்தனை வருடம் தாங்கும்?

தேதி போடாததற்குக் காரணம், ஆயுளைத் தீர்மானிப்பது வருடம் அல்ல, வைத்திருக்கும் இடம். நல்ல இடத்தில் வைத்த தோட்டா பல பத்தாண்டுகள் கழித்தும் சுடும். மோசமான இடத்தில் வைத்தது சில வருடங்களிலேயே காலை வாரிவிடும்.

தோட்டாவுக்குள் இருக்கும் வெடிமருந்து நைட்ரோசெல்லுலோஸ். 1884இல் பிரான்சில் போல் வியேய் உருவாக்கிய புகையற்ற மருந்தின் வாரிசுதான் இன்றைக்கும் நாம் சுடுவது. இந்தச் சரக்கு செய்த நாளிலிருந்தே துளித்துளியாகச் சிதைந்துகொண்டிருக்கும். சிதையும்போது நைட்ரஜன் ஆக்சைடுகள் வரும், அவை அமிலமாகும், அந்த அமிலம் மேலும் சிதைக்கும். இந்தச் சுழலை அடக்கத்தான் டைஃபீனைலமீன் போன்ற நிலைப்படுத்திகளைக் கலக்கிறார்கள். அது தீரும்வரை கவலையில்லை. ஆனால் வெப்பம் 10 பாகை செல்சியஸ் ஏறினால் சிதைவின் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். 20 பாகை அறையில் இருக்கும் பெட்டிக்கும் 40 பாகை அறையில் இருக்கும் பெட்டிக்கும் உள்ள வித்தியாசத்தை இப்போது நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

பரணில் வைக்கலாமா? பிள்ளைகள் கைக்கு எட்டாது என்று பார்க்கிறேன்.

பிள்ளைகளுக்கு எட்டாமல் செய்வது பூட்டின் வேலை, உயரத்தின் வேலை அல்ல. கூரைக்கு அடியில்தான் வீட்டின் மொத்தச் சூடும் போய்ச் சேருகிறது. பகலில் கொதிக்கும், இரவில் இறங்கும். வீட்டின் நடுவில் வெளிச்சுவர் இல்லாத அறை இருந்தால் அதுதான் சரியான இடம். வெறும் தரையில் வைக்காமல் ஒரு பலகை போட்டு உயர்த்துங்கள். வெள்ளம் வரும் பகுதி என்றால் இடுப்பு உயரத் தட்டு. குளியலறைக்கு ஒட்டிய சுவர் வேண்டவே வேண்டாம். துப்பாக்கி ஒரு பூட்டில், தோட்டா இன்னொரு பூட்டில் இருக்கட்டும்.

ஐயா, ஆபத்து நேரத்தில் இரண்டு பூட்டைத் திறந்துகொண்டிருக்க முடியுமா?

இந்தக் கேள்வியை எல்லாரும் கேட்பார்கள். புயலும் வெள்ளமும் முன்கூட்டிச் சொல்லிவிட்டு வருகிறவை. இரண்டு பூட்டைத் திறக்க அப்போது நிச்சயம் நேரமிருக்கும். மாறாக, திறந்து கிடந்த தோட்டாவைப் பிள்ளை எடுத்து விளையாடுவது எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் நடக்கும். என் ஓட்டு பூட்டுக்குத்தான்.

ராணுவ மாதிரி இரும்புப் பெட்டி வாங்கினேன், மூடியில் ரப்பர் பட்டை இருக்கிறது. சிலிக்கா ஜெல் போட்டால் போதுமா?

முதலில் ரப்பரைச் சோதியுங்கள். ஒரு காகிதத் துண்டைப் பாதி உள்ளே பாதி வெளியே இருக்கும்படி வைத்து மூடியை அழுத்திப் பூட்டி, காகிதத்தை இழுத்துப் பாருங்கள். பிடித்துக்கொண்டு கிழிந்தால் ரப்பர் சரியாக உட்கார்ந்திருக்கிறது. வழுக்கிக்கொண்டு வந்தால் அந்தப் பக்கம் காற்று போகிறது. நான்கு பக்கமும் செய்யுங்கள். அப்புறம், காலிப் பெட்டிக்குள் ஒரு மெல்லிய காகிதக் கைக்குட்டையைப் போட்டு மூடி, தண்ணீர்த் தொட்டியில் ஒரு மணி நேரம் அமுக்கி வையுங்கள். துடைத்துவிட்டுத் திறக்கும்போது காகிதம் மொரமொரப்பாக இருந்தால் தேறியது.

இதில் பலர் ஏமாறுவது எங்கே என்றால், நல்ல பெட்டி ஈரத்தை வெளியேயும் விடாது. மழை நாளில், புழுக்கத்தோடு மூடினால் அந்தக் காற்றையும் சேர்த்துத்தான் பூட்டி வைக்கிறீர்கள். வறண்ட நாள் பார்த்து மூடுங்கள். சிலிக்கா ஜெல்லில் ஆரஞ்சு நிறத்திலிருந்து பச்சையாக மாறும் ரகத்தை வாங்கினால் ஈரம் குடித்ததா இல்லையா என்று கண்ணாலேயே தெரியும். குடித்துவிட்டதை 120 பாகை அளவில் சில மணி நேரம் சூடாக்கினால் திரும்பப் பயன்படும். நீல நிற ரகத்தில் கோபால்ட் குளோரைடு இருக்கிறது, நான் தொடுவதில்லை.

இன்னொன்று. குளிர்ந்த இடத்திலிருந்து கொண்டுவந்த பெட்டியைச் சூடான அறையில் உடனே திறக்காதீர்கள். மூக்குக் கண்ணாடியில் ஆவி படிவதுபோல ஒவ்வொரு தோட்டா மேலும் நீர் பூக்கும். மூடியபடியே சில மணி நேரம் விட்டுவைத்து, அறையின் சூட்டுக்கு வந்ததும் திறங்கள்.

அட்டைப் பெட்டியைக் கழற்றிப் போட்டு மொத்தமாகக் கொட்டி வைத்தால் இடம் மிச்சம் ஆகுமே?

ஆகும். கூடவே ரகம், தொகுதி எண், வாங்கிய வருடம் எல்லாம் தொலையும். தயாரிப்பாளர் ஒரு தொகுதியைத் திரும்பக் கேட்டால் எதைத் திருப்பிக் கொடுப்பீர்கள்? அட்டையோடே வையுங்கள். வெளியே வருடத்தைக் கொட்டை எழுத்தில் எழுதுங்கள். பழையதை முதலில் பயிற்சிக்கு எடுங்கள், புதியதைப் பின்னால் தள்ளுங்கள்.

தாத்தா காலத்துத் தோல் பட்டையில் தோட்டாவைச் செருகி வைத்திருந்தேன். பச்சை பச்சையாகப் பிடித்திருக்கிறது. துடைத்துவிட்டுச் சுடலாமா?

அது களிம்பு. தோல் பதனிடும்போது சேரும் அமிலங்கள் பித்தளையோடு சேர்ந்து செய்யும் வேலை. தோல் பட்டை வேட்டைக்குப் போகும் அன்றைக்கு மட்டும். வீட்டில் வைப்பதற்கு அல்ல.

எங்கள் அறைக்கு ஒருவர் அப்படி ஒரு பட்டையைக் கொண்டுவந்தார். வெளியே தெரிந்த பாதி பளபளவென்று இருந்தது. ஒரு தோட்டாவை உருவினேன். தோல் வளையம் கவ்வியிருந்த இடத்தில் விரலகலத்துக்குப் பச்சை மெழுகு மாதிரி படிந்திருந்தது. நகத்தால் சுரண்டினால் அடியில் பித்தளை குழிகுழியாக அரித்திருந்தது. மேலாகப் படிந்ததைத் துணியால் துடைத்தால் போய்விடும், பரவாயில்லை. குழி விழுந்துவிட்டால் சுடக் கூடாது. சுடும்போது மருந்தைச் சுற்றியிருக்கும் அந்தப் பித்தளைக் கூடுதான் அழுத்தத்தை அடைத்துப் பிடிக்கிறது. பித்தளை மெலிந்தால் வாயு பின்பக்கமாக, உங்கள் முகத்தை நோக்கி வரும்.

துடைக்கிறேன் என்று அமோனியா கலந்த பாலிஷ் எதையும் எடுத்துவிடாதீர்கள். இதற்கு ஒரு பழைய கதை உண்டு. 19ஆம் நூற்றாண்டில் இந்தியாவில் இருந்த பிரிட்டிஷ் படையின் தோட்டாக்கள், சுடாமலேயே, மழைக்காலம் வந்தால் விரிசல் விட்டன. அவற்றைக் குதிரை லாயங்களுக்குப் பக்கத்தில் வைத்திருந்தார்கள். குதிரை மூத்திரத்திலிருந்து எழும் அமோனியாவும், கூட்டை அமுக்கி வடிக்கும்போது பித்தளைக்குள் தங்கிய இறுக்கமும் சேர்ந்துதான் வெடிப்பை உண்டாக்கின என்று 1921இல்தான் தெளிவாக விளக்கினார்கள். பருவத்தில் வந்ததால் பருவ விரிசல் என்றே அதற்குப் பெயர். இப்போது கூட்டின் கழுத்தைச் சூடாக்கி அந்த இறுக்கத்தைத் தளர்த்திவிடுகிறார்கள், ஆனால் அமோனியாவுக்குப் பித்தளை மேல் உள்ள பகை அப்படியேதான் இருக்கிறது.

துரு பிடிக்காமல் இருக்க எண்ணெய் தடவலாமா?

கூடாது. தோட்டாவின் அடியில் மருந்துக்குத் தீ மூட்டும் சின்ன மூடிதான் பிரைமர். எண்ணெய் அதன் ஓரமாக உள்ளே இறங்கி அதைச் சாகடித்துவிடும். துப்பாக்கிக்குத்தான் எண்ணெய்.

சார், வீடு தீப்பிடித்தால் தோட்டாக் குவியல் குண்டு மாதிரி வெடித்து வீட்டையே தூக்கிவிடாதா? மனைவி இதைச் சொல்லியே வைக்க விடமாட்டேன் என்கிறார்.

அவர் பயப்படுவதில் நியாயம் உண்டு, ஆனால் நடப்பது அப்படி அல்ல. அமெரிக்காவில் தோட்டாத் தயாரிப்பாளர்களுக்கு 1926இல் தொடங்கிய ஒரு நிறுவனம் இருக்கிறது. அதன் பெயர்ச்சுருக்கத்தை (SAAMI) சேர்த்துப் படித்தால் ‘சாமி’ என்றே வரும். கேட்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும். அவர்கள் தீயணைப்பு வீரர்களோடு சேர்ந்து குவியல் குவியலாகத் தோட்டாவை எரித்தே பார்த்தார்கள். மொத்தமாக வெடிக்கவில்லை. ஒவ்வொன்றாக, பொரி பொரிவதுபோலப் படபடத்தது.

காரணம் எளிது. துப்பாக்கிக் குழலுக்குள் கூட்டைச் சுற்றி எஃகு இருக்கிறது. வாயுவுக்கு முன்னால் போவதைத் தவிர வழியில்லை, அதனால் ஈயக் குண்டு பறக்கிறது. வெளியே கிடக்கும் தோட்டாவில் பித்தளைதான் பலவீனமான இடம்; அது கிழிந்து வாயு வெளியேறிவிடும். குண்டு அதிக தூரம் போகாது. கிழிந்த பித்தளைத் துண்டும் பிரைமரும்தான் தெறிக்கும். அவை கண்ணைக் காயப்படுத்தும், ஆனால் தீயணைப்பு உடையைத் துளைக்கும் வலு அவற்றுக்கு இல்லை.

உண்மையான ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. தோட்டா ஏற்றியபடி விட்ட துப்பாக்கி தீயில் சூடானால் தானாகச் சுடும், முழு வேகத்தில். அதனால் வீட்டில் துப்பாக்கி காலியாகவே இருக்கட்டும். தீயணைப்பு வீரர்கள் வந்ததும் எந்த அறையில் தோட்டா இருக்கிறது என்று சொல்லிவிடுங்கள். நீங்கள் எடுக்க உள்ளே ஓடாதீர்கள்.

வெள்ளத்தில் ஒரு நாள் முழுக்க மூழ்கிவிட்டது. காயவைத்தால் ஆகாதா?

ஆகாது. வெளியே காய்ந்தாலும் உள்ளே மருந்து எந்த அளவுக்கு நனைந்தது என்று பார்க்க வழியில்லை. பாதி எரிந்து குண்டு குழலுக்குள்ளேயே நின்றுவிட்டால், அடுத்த தோட்டா குழலை வெடிக்க வைக்கும். மொத்தத்தையும் கழித்துவிடுங்கள். 22 ரகம் இன்னும் மோசம். அதன் குண்டு கூட்டோடு அவ்வளவு இறுக்கமாக இருக்காது, ஈரம் சீக்கிரம் நுழையும்.

வீட்டில் 12 போர், 20 போர் என்று இரண்டு குழல் அளவுத் துப்பாக்கிகள் இருக்கின்றன, தோட்டாவும் இரண்டு ரகம். அவசரத்துக்கு ஒரே பையில் போட்டுவைத்தால் தூக்கிக்கொண்டு ஓட வசதி.

இதைப் படித்ததும் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். தயவுசெய்து இன்றைக்கே பிரித்து வையுங்கள். போர் எண் ஏற ஏறக் குழல் சிறுக்கும் என்பதால், 20 போர் தோட்டா 12 போர் குழலுக்குள் வழுக்கிக்கொண்டு போய் முன்னால் மாட்டிக்கொள்ளும். பின்னாலிருந்து பார்த்தால் குழல் காலியாகத் தெரியும். ‘ஏற்றவில்லை போல’ என்று ஒரு 12 போரைப் போட்டுச் சுட்டால் இரண்டும் சேர்ந்து குழலைப் பிளக்கும், அதுவும் இடது கை பிடித்திருக்கும் இடத்தில். இதற்காகத்தான் 20 போர் தோட்டாவுக்கு மஞ்சள் நிறம் என்று வைத்திருக்கிறார்கள். ஆனால் மின்சாரம் போன இரவில், கை நடுக்கத்தில், மஞ்சளாவது சிவப்பாவது!

ரைபிளிலும் இதே கதைதான். 300 பிளாக்அவுட் தோட்டா 5.56 ரைபிளில் தோட்டா அடுக்கும் மேகசினில் அழகாக உட்காரும், சில சமயம் குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறைக்குள்ளும் போய்விடும். குண்டு குழலை விடப் பெரியது. சுட்டால் துப்பாக்கி சிதறும். ஒரு பெட்டி, ஒரு ரகம். பெட்டி மேல் எழுத்தோடு நிறப் பட்டையும் ஒட்டுங்கள். இருட்டில் தடவித் தெரிய, 20 போர் பெட்டியின் கைப்பிடியில் ஒரு கயிறு கட்டுங்கள்.

வீட்டைவிட்டு வெளியேற வேண்டி வந்தால் எவ்வளவு எடுத்துப் போவது?

எடையிலிருந்து தொடங்குங்கள். 9 மி.மீ. தோட்டா ஒன்று சுமார் 12 கிராம். ஆயிரம் என்றால் 12 கிலோ. 12 போர் 25 கொண்ட ஒரு பெட்டி ஒரு கிலோவைத் தாண்டும். பெரிய இரும்புப் பெட்டியை முழுக்க நிரப்பிவிட்டுப் படியில் இறக்க முடியாமல் நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன். அதே 12 கிலோவில் 12 லிட்டர் தண்ணீர் வரும். எனக்கு அதுதான் முதலில். வீட்டில் வயதானவர் யாரோ, அவர் ஒரு கையில் தூக்கக்கூடிய அளவுக்குச் சின்னப் பெட்டிகளாகப் பிரியுங்கள்.

வண்டியில் டிக்கியில், பூட்டிய பெட்டியில், துப்பாக்கியிலிருந்து பிரித்து, உருளாமல் கட்டி வையுங்கள். உரிமத்தின் நகல் கையில் இருக்கட்டும். வெயிலில் நிறுத்திய வண்டிக்குள் 60 பாகையைத் தாண்டும். அதில் தோட்டா தானாக வெடிக்காது, பயப்பட வேண்டாம். ஆனால் மாதக்கணக்கில் ‘அவசரத்துக்கு’ என்று டிக்கியிலேயே விட்டால் மருந்தின் ஆயுளைத் தின்றுவிடும். பயணத்துக்கு மட்டும் டிக்கி.

எல்லை தாண்டினால் சட்டம் மாறும், பேரிடர் என்பதால் சட்டம் தளராது. பல நிவாரண முகாம்களில் ஆயுதத்தோடு உள்ளே விடமாட்டார்கள். அங்கே போய்ச் சேர்வதுதான் உங்கள் திட்டம் என்றால், பூட்டிவிட்டுப் போவதா, காவல் நிலையத்தில் ஒப்படைப்பதா என்று இப்போதே விசாரித்து வையுங்கள்.

விமானத்தில்?

கைப்பையில் ஒன்றுகூடக் கூடாது. சரக்காக ஒப்படைக்கும் பெட்டியில், விமான நிறுவனம் முன்கூட்டியே ஒப்புக்கொண்டால், ஒருவருக்குப் பொதியோடு சேர்த்து 5 கிலோ வரை என்பது சர்வதேச விதி. இருவர் பங்கை ஒரே பொதியில் சேர்க்க முடியாது. பழைய வேட்டைப் பையைப் பயணப் பையாக எடுத்துப் போகிறவர்கள் மூலை முடுக்கெல்லாம் தடவிப் பாருங்கள். மறந்துபோன ஒற்றைத் தோட்டாவால் விமானத்தைத் தவறவிட்டவர்கள் நிறைய.

தினமும் ஒரே தோட்டாவை ஏற்றி இறக்குகிறேன். அதனால் ஏதாவது ஆகுமா?

ஆகும். ஒவ்வொரு முறை துப்பாக்கியின் அறைக்குள் மோதும்போதும் குண்டு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுக்குள் இறங்கும். உள்ளிடம் குறைந்தால் அழுத்தம் ஏறும். பெட்டியிலிருந்து புதிதாக ஒன்றை எடுத்து மேசை மேல் அதன் பக்கத்தில் நிறுத்துங்கள். உங்களுடையது குட்டையாகத் தெரிந்தால் அதை ஒதுக்கிவிடுங்கள்.

ஒதுக்கியதையும், விசை இழுத்தும் வெடிக்காததையும் என்ன செய்வது? கிணற்றில் போட்டுவிடலாமா?

கிணறு, குப்பைத் தொட்டி, அடுப்பு, மண்ணுக்குள் புதைப்பது எதுவும் வேண்டாம். வெடிக்காத தோட்டா என்றால் குழலைப் பாதுகாப்பான திசையிலேயே 30 விநாடியாவது பிடித்திருந்து, பிறகு எடுங்கள். சில தாமதமாக வெடிக்கும். ‘கெட்டது’ என்று எழுதிய தனி டப்பாவில் போட்டுப் பூட்டி, வாங்கிய கடையிலோ சுடும் கழகத்திலோ காவல் நிலையத்திலோ கேளுங்கள். எடுத்துப் போவதற்கு முன் தொலைபேசியில் சொல்லிவிட்டுப் போங்கள். கையில் தோட்டாவோடு நேராகக் காவல் நிலையத்துக்குள் நுழைந்த ஒருவர் விளக்கம் சொல்லி முடிக்க அரை நாள் ஆனது.